முப்பத்தொன்பது இலக்கப் பகா எண்

170141183460469231731687303715884105727. முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணை 1-ஐயும் இதனையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்க இயலாது. இத்தகையதைப் பகா எண் என்பர். 1876 முதல் 1951 வரை எழுபத்தைந்து ஆண்டுகள், மக்கள் அறிந்த பகா எண்களுள் மிகப் பெரியதாக இதுவே விளங்கிற்று.

127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் 1-ஐக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். ஓர் எண்ணை 1 எஞ்சும்வரை எத்தனை முறை பாதியாக்கலாம் என்னும் அளவை ‘அர்த்தச்சேதம்’ என்ற பெயரால் வீரசேனாசாரியர் 9-ஆம் நூற்றாண்டில் தம் தவளா உரையில் ஆண்டுள்ளார். அம்மரபுப்படி, அர்த்தச்சேதம் 127 ஆகிய எண்ணினும் ஒன்று குறைந்தது இது.

பிரான்சு நாட்டுக் கிறித்தவத் துறவி மரேன் மெர்சென் 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். இரண்டின் அடுக்கிலிருந்து 1-ஐக் கழிக்கும்போது, 257 வரையுள்ள அடுக்குகளுள் பதினொன்று மட்டுமே பகா எண்களைத் தரும் என்றார், சான்று காட்டினாரில்லை. 127 அப்பட்டியலில் இருந்தது. அவர் பெருமை கருதிப் பலரும் அதனைப் போற்றினர்.

இதனை வகுத்துப் பார்த்தே தெளிய வேண்டுமாயின் இருபது இலக்க எண்கள்வரை முயலவேண்டும். நொடிக்கு ஒரு பகா எண்ணால் வகுத்தாலும் பல நூறு கோடி ஆண்டுகள் செல்லும். 1876-இல் எட்வார்ட் லூக்காஸ் வேறொரு வழி கண்டு, கைக்கணக்காலேயே இது பகா எண் என நிறுவினார். அவ்வழியைப் பின்னர் லேமர் எளிமையாக்கினார். நான்கில் தொடங்குக, வர்க்கமாக்கி இரண்டைக் கழிக்க, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்க, மீண்டும் அவ்வாறே செய்க. 31-க்கு இது 4, 14, 8, 0 என முடியும். 31 என்பது இரண்டின் ஐந்தாம் அடுக்கினும் ஒன்று குறைந்தது. அடுக்கினும் ஒன்று குறைவான நான்காம் இடத்தில் சுழி வந்தமையால் அது பகா எண். 127-ஆம் அடுக்குக்கு 126-ஆம் இடத்தில் சுழி வரும்.

மெர்சென் கூற்று 127-இல் மெய்யாயிற்று. எனினும் 67, 257 ஆகியவற்றைத் தவறாகச் சேர்த்ததும், 61, 89, 107 ஆகியவற்றை விட்டதும் பின்னர் வெளிப்பட்டன. 67-ஆம் அடுக்கு பகா எண் தராது என்பதையும் லூக்காஸே காட்டினார். 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் அதன் காரணிகள் 193707721, 761838257287 எனக் கண்டறிந்தார்.

இவ்வெண்ணுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இரண்டின் இரண்டாம் அடுக்கில் ஒன்று குறைய 3. மூன்றாம் அடுக்கில் 7. ஏழாம் அடுக்கில் 127. நூற்றிருபத்தேழாம் அடுக்கில் இவ்வெண். நான்கும் பகா எண்கள். இவ்வெண்ணையே அடுக்காகக் கொண்டு பெறும் அடுத்த எண் பகா எண்ணா என்பதை இன்றுவரை எவரும் நிறுவவில்லை. முன்னவை நான்கும் அவ்வாறிருத்தலின் ஐந்தாவதும் அவ்வாறே இருக்கும் எனல் ஊகமே. மெர்சென் பட்டியல் தந்த பாடம் ஊகம் வேறு, நிறுவிய உண்மை வேறு என்பதே.