நாய்களுக்கான உலர் மெல்லுணவு

நாய்களுக்கான உலர் மெல்லுணவு என்பது விலங்குகளின் தோல், காது, தசைநார், மூச்சுக்குழல், எலும்பு, இறைச்சி ஆகியவற்றையோ, மீன், பால்கட்டி போன்றவற்றையோ உலர்த்தி, நாய் நெடுநேரம் கடித்து மெல்லுவதற்காகக் கொடுக்கப்படும் தின்பண்டமாகும். இது நாயின் முதன்மை உணவு அன்று. கடைகளில் இது பெரும்பாலும் "இயற்கை" என்னும் அடைமொழியுடன் விற்கப்படுகின்றது. செயற்கை நிறமோ சுவையூட்டியோ சேர்க்கப்படவில்லை என்பதே பொதுவாக இவ்வடைமொழியின் பொருள். அப்பண்டம் பல்லை உடைக்காது, தொண்டையில் சிக்காது, நோய்க்கிருமி அற்றது என்று அதனால் பொருள்படாது. இப்பண்டங்களால் நாய்களுக்கும் அவற்றை வளர்ப்போருக்கும் நேர்ந்த தீங்குகளுள் பல, இயற்கையான பொருள்களாலேயே நேர்ந்துள்ளன.

விருதுநகர் வட்டாரத்தில்

தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டம் (1985ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது) பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்குப் பெயர்பெற்றது. இம்மாவட்டத்து ஊர்களான இராசபாளையமும் சிப்பிப்பாறையும் இரண்டு நாட்டு நாயினங்களுக்குப் பெயர் தந்துள்ளன. இராசபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டு சனவரி 9 அன்று வெளியிட்டது. இவ்வினங்களைக் காக்கும் பொருட்டுத் தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை நடத்தி வந்துள்ளது.

சிப்பிப்பாறை நாய் முயல் வேட்டைக்கும், இராசபாளையம் நாய் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டன. வேட்டையில் பங்குகொண்ட நாய்க்கு எலும்பும் தோலும் தசைநாரும் கிடைத்தன. காட்டு விலங்குகளை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இன்று இந்நாய்களுட் பல வீட்டு முற்றத்திலும் தோட்டத்திலும் கட்டப்பட்டு, கூழும் பாற்சோறும் உண்டு வாழ்கின்றன. கூழை மெல்ல வேண்டியதில்லை. மெல்லும் வேட்கை தீராத நாய், குறிப்பாகப் பல் முளைக்கும் குட்டி, செருப்பையோ கயிற்றையோ கதவின் அடியையோ கடிக்கத் தொடங்கும். மெல்லுணவின் தேவை இங்கிருந்தே எழுகின்றது.

மெல்லுவதால் பல்லின் மீது படியும் காரை ஓரளவு குறைகின்றது. ஆயினும் பல் துலக்குவதற்கு அது மாற்றாகாது.

பச்சைத்தோல்

உலகச் சந்தையில் மிகுதியாக விற்கப்படும் மெல்லுணவுகளுள் ஒன்று மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோலால் ஆனது. கடைகளில் இது "சியூ போன்" என்று அழைக்கப்பட்டாலும் இதில் எலும்பு இல்லை. தோல் தொழிற்சாலையில் காலணிக்கும் பைக்கும் உரிய மேலடுக்கு பிரித்தெடுக்கப்பட்ட பின்னர் எஞ்சும் உள்ளடுக்கே இதற்குப் பயன்படுகின்றது. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுத்தப்படுகின்றன. பின்னர் நன்கு கழுவி, பெரும்பாலும் ஐதரசன் பெராக்சைடால் வெளுத்து, முடிச்சாகவோ சுருளாகவோ கட்டி உலர்த்துகின்றனர். குரோம் உப்புகளாற் பதனிடப்பட்ட தோல் இதற்கு உதவாது. பதனிடும் இடத்தில் கழிக்கப்படும் தோல்துண்டுகளை வாங்கி நாய்க்குப் போடுவதும் தவறாகும்.

இவ்வகையில் முதன்மையான இடர் வேதிப்பொருள் அன்று, வடிவ மாற்றமாகும். உலர்ந்த தோல் உமிழ்நீரில் ஊறி மெத்தென்று பெருக்கும். நாய் அதைத் துண்டாக்காமல் விழுங்கினால் உணவுக்குழலிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளக்கூடும். வேதிப்பொருளால் ஏற்படும் சிக்கலும் இல்லாமலில்லை. 2017ஆம் ஆண்டு சூன் மாதம் அமெரிக்காவில் பல வணிகப்பெயர்களில் விற்கப்பட்ட பச்சைத்தோல் மெல்லுணவுகள் திரும்பப் பெறப்பட்டன. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் இருந்த ஆலைகளில், உணவுக் கருவிகளைத் தூய்மைசெய்வதற்கான ஒரு கிருமிநீக்கி தோலைப் பதப்படுத்துவதற்குப் பயன்படுத்தப்பட்டதே அதற்குக் காரணம்.

எலும்பு, குளம்பு, கடினப் பால்கட்டி

சமைத்த எலும்பு எவ்வகையிலும் ஏற்றதன்று. வெப்பத்தால் எலும்பு நொறுங்கும் தன்மை அடைகின்றது; கோழி எலும்பு கூரிய சில்லுகளாகப் பிளக்கின்றது. விருதுநகரின் பெயர்போன பொரித்த பரோட்டாக் கடைகளின் பின்புறத்தில் சால்னா எலும்புக்காகக் காத்து நிற்கும் தெருநாய்கள் அவற்றைத் தின்று நலமாக இருப்பது போலத் தோன்றலாம். குடலில் துளை விழுந்து இறந்த நாய்கள் கடையின் பின்புறத்திற்குத் திரும்பி வருவதில்லை என்பதால் இச்சான்று நம்பத்தக்கதன்று.

கடையில் பொதியப்பட்டு விற்கப்படும் உலர் எலும்பும் இதற்கு விலக்கன்று. 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்திற்கு இவ்வகை எலும்புப் பண்டங்கள் குறித்து 68 அளவிலான முறையீடுகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 90 நாய்கள் பாதிக்கப்பட்டிருந்தன. 15 நாய்கள் இறந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. இவை புகையூட்டியும் சூளையில் உலர்த்தியும் ஆயத்தம் செய்யப்பட்டவை.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு. அவற்றுள் மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல் இறைச்சியை வெட்டுவதற்கு உரியது. நாய் கடினப் பொருளைக் கடிப்பதும் இப்பல்லாலேயே. எனவே குளம்பு, தொடையெலும்பு, மான்கொம்பு ஆகியவற்றை மெல்லும்போது பக்கவாட்டில் சில்லு பெயர்ந்து உடைவதும் பெரும்பாலும் இப்பல்லே. பல்லின் உட்கூழ் வெளிப்பட்டால் வேர்ச்சிகிச்சை செய்ய வேண்டும். இல்லையேல் பல்லைப் பிடுங்க வேண்டும். நாய் வலியை வெளிக்காட்டாமல் மறுபுறத்தால் மெல்லத் தொடங்குவதால் உடைவு பல வாரங்கள் அறியப்படாமற் போவதுண்டு.

கால்நடை மருத்துவர்கள் இதற்கு எளிய சோதனை ஒன்றைக் கூறுவர். பண்டத்தை நகத்தால் அழுத்தும்போது சிறிதேனும் பள்ளம் விழ வேண்டும். விழாவிடில் அது நாயின் பல்லுக்கு மிகக் கடினமானது. இமயமலைப் பகுதியில் யாக், பசு ஆகியவற்றின் பாலிலிருந்து ஆக்கப்படும் சுர்பி என்னும் பால்கட்டி இப்பொழுது இந்தியக் கடைகளிலும் கிடைக்கின்றது. நகச்சோதனையில் இதுவும் பெரும்பாலும் தேறாது.

மக்காச்சோளம் பரவலாகப் பயிரிடப்படும் இம்மாவட்டத்தில், மணிகளை உதிர்த்த பின் எஞ்சும் காய்ந்த சோளக்கட்டையை நாய்க்கு எறிவது தீங்கற்ற செயல் போலத் தோன்றும். ஆனால் கட்டை செரிப்பதில்லை; அதை விழுங்கிய நாய்க்குக் குடலடைப்பு ஏற்படுகின்றது. வேகவைத்து உலர்த்திய சர்க்கரைவள்ளிக்கிழங்குத் துண்டு இதற்கு ஏற்ற மாற்றாகும்.

உப்புக்கண்டமும் கருவாடும்

இறைச்சியை உலர்த்தும் கலை தமிழர்க்குப் புதிதன்று. ஆட்டிறைச்சியைக் கீற்றுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டம் தென்மாவட்டங்களில் பழகிய உணவாகும். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து கருவாடும் இம்மாவட்டத்துச் சந்தைகளுக்கு வருகின்றது. இவற்றை அப்படியே நாய்க்குக் கொடுத்தல் ஆகாது. நாயின் ஒரு கிலோ உடல் எடைக்கு 2 முதல் 3 கிராம் உப்பு நச்சுக்குறிகளை உண்டாக்கப் போதுமானது. ஒரு துண்டு கருவாடு அவ்வளவை எட்டாது; எனினும் வாந்தியும் கடும் தாகமும் ஏற்படலாம். சில வீடுகளில் உப்புக்கண்டத்துடன் பூண்டு அரைத்துத் தடவுகின்றனர். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெங்காயத்தைப் பொறுத்தவரை ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் தீங்கு செய்யக்கூடியது. பூண்டின் தீங்கு இதனினும் மிகுதி.

நாய்க்கென வீட்டில் ஆக்குவோர் உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு ஆகிய மூன்றையும் தவிர்த்து, கொழுப்பை நீக்கி, இறைச்சியை முதலில் வேகவைத்து அதன்பின் உலர்த்துதல் வேண்டும். வெயில் ஈரத்தைப் போக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஆகியவற்றின் உட்பகுதி 71 பாகை செல்சியசையும் கோழியிறைச்சி 74 பாகையையும் எட்ட வேண்டும். உப்பில்லாத இறைச்சியை ஈக்கள் எளிதில் மொய்க்கும் என்பதால் வலையிட்டு மூடுதல் தேவை. விருதுநகரின் கோடை வெயில் இதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், கோடையில் ஆக்கி வைத்த பண்டமும் ஈரம் ஏற்றுப் பூஞ்சை பிடிக்கின்றது. பூசணத்தைச் சுரண்டிவிட்டுக் கொடுப்பது தவறு. முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

2007ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் கோழி முதலிய இறைச்சிகளின் உலர்கீற்றுகளை உண்ட நாய்கள் நோயுற்றதாக ஆயிரக்கணக்கான முறையீடுகள் எழுந்தன. 1000க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. அக்கீற்றுகளுட் பெரும்பாலானவை சீனாவில் ஆக்கப்பட்டவை. நெடிய ஆய்வுக்குப் பின்னரும் ஒரு தனிக்காரணம் உறுதிப்படவில்லை.

மனிதருக்குத் தொற்று

உலர்ந்த பண்டத்தில் சால்மொனெல்லா நெடுநாள் உயிரோடிருக்கும். நாய்க்கு நோய் தோன்றாமலே அதன் வாய், எச்சம் வழியாகக் கிருமி வீட்டாரை அடையும். 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் 34 மாநிலங்களில் 154 பேர், உலர்ந்த பன்றிக்காதுகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா நோய்க்கு ஆளாயினர். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி மெல்லுணவின் 25 கிராம் மாதிரிகளில் சால்மொனெல்லா அறவே காணப்படக்கூடாது. உள்ளூரில் சில்லறையாக, பொட்டலமின்றி விற்கப்படும் காதும் மூச்சுக்குழலும் இத்தகைய சோதனைக்கு உட்பட்டவையா என்பதை வாங்குவோர் பார்த்து அறிய இயலாது. ஆகவே கையுறையோ சோப்போ இன்றி இவற்றைக் கையாளுதல், சமையலறை மேடையில் வைத்தல், தவழும் குழந்தை இருக்கும் கூடத்தில் நாயை மெல்லவிடுதல் ஆகியன தவிர்க்கப்பட வேண்டும்.

அளவு

தின்பண்டம் நாளுணவின் கலோரியில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்பது பொது விதி. 25 கிலோ எடையுள்ள ஓர் இராசபாளையம் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 கலோரி தேவைப்படும். ஆகவே தின்பண்டத்தின் பங்கு 120 கலோரி. உலர்த்திய காளைக்குறிக் குச்சிகளை ஆராய்ந்து 2013இல் கனடிய கால்நடை மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, ஓர் அங்குல நீளத்தில் 9 முதல் 22 கலோரி வரை இருந்ததாகக் கூறுகின்றது. இதன்படி ஆறங்குலக் குச்சி ஒன்றே பெரிய நாயின் அன்றைய பங்கைத் தீர்த்துவிடக்கூடும். ஐந்து கிலோ எடையுள்ள சிறிய நாய்க்கு அதில் பாதியே மிகை.

தீபாவளியும் தீப்பெட்டியும்

வெடியோசைக்கு அஞ்சும் நாயின் கவனத்தைத் திருப்ப மெல்லுணவு கொடுப்பது நன்கறியப்பட்ட முறையாகும். ஓசை தொடங்குவதற்கு முன்பே, மூடிய அறையில், பழகிய பண்டத்தையே கொடுக்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருக்கும் நாய் மெல்லாது. மென்றாலும் திடுக்கிட்டு முழுத்துண்டையும் விழுங்கிவிடும். வெண்ணிற இராசபாளையம் நாய்களிடையே பிறவிச் செவிடு காணப்படுகின்றது. அத்தகைய நாய் வெடிக்கு அஞ்சாது; "விடு" என்னும் ஆணையையும் கேளாது. அதற்குக் கைச்சைகையால் பயிற்சியளிக்க வேண்டும்.

சிவகாசி வட்டாரத்திற்கே உரிய மற்றொரு இடர், நாய் தானாகத் தேடிக்கொள்ளும் மெல்லுபொருள்களாகும். தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு உள்ளது. குட்டி நாய் ஒரு கட்டு குச்சியை மென்றுவிட்டால் குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறுகள் பழுப்பு நிறமடையும். வெடிக்காத பட்டாசில் கந்தகம், அலுமினியத்தூள், நைட்ரேட்டு உப்புகள் இருக்கும். பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு தடைவிதித்தது. இருப்பினும் பழைய சரக்கில் அவை இருக்கக்கூடும். கரையக்கூடிய பேரியம் உப்பு குருதியின் பொட்டாசியத்தைக் குறைத்துத் தசைத் தளர்ச்சியையும் இதயத் துடிப்பில் கோளாறையும் உண்டாக்கும். மருந்துத்தூள் படிந்த ஆடையோடு வேலையிலிருந்து திரும்புவோர் கைகழுவாமல் மெல்லுணவை எடுத்துக் கொடுப்பதும் நன்றன்று.

சிக்கிக்கொண்டால்

மெல்லும் நாயின் அருகில் ஒருவர் இருக்க வேண்டும். வாய்க்குள் முழுதாக நுழையும் அளவுக்குக் குச்சி தேய்ந்ததும் அதை அகற்றிவிடுதல் முறை. பறித்தால் நாய் விழுங்கிவிடும், அல்லது கடிக்கும். எனவே வேறொரு சுவையான துண்டைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு நாய்களுக்கு ஒரே இடத்தில் கொடுக்கக்கூடாது.

முன்காலால் வாயைப் பிறாண்டுதல், எச்சில் வழிதல், ஓயாமல் கக்க முயலுதல் ஆகியன தொண்டையில் சிக்கியதன் குறிகள். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலால் துழாவினால் அது மேலும் உள்ளே செல்லும். மீண்டும் மீண்டும் வாந்தி, உணவு மறுப்பு, வயிற்று வலி, மலம் கழியாமை ஆகியன குடலடைப்பைச் சுட்டும். விளக்கெண்ணெய் புகட்டிக் காத்திருப்பது ஊர்வழக்கு; அடைப்புள்ள குடலுக்கு அது கேடு செய்யும். உடனடியாக அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மேல்சிகிச்சைக்கு, 2012இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடலாம்.

மான்கொம்பும் சட்டமும்

மேலைநாட்டுக் கடைகளில் மான்கொம்பு சிறந்த இயற்கை மெல்லுணவாக விளம்பரப்படுத்தப்படுகின்றது. இந்தியாவில் புள்ளிமான், கடமான் ஆகியவற்றின் கொம்பை, தானாக உதிர்ந்ததாயினும், எடுத்து வைத்திருப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகும். மாவட்டத்தின் மேற்கு எல்லையிலுள்ள காடுகள் 2021ஆம் ஆண்டு முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாக உள்ளன. மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்போர் உதிர்ந்த கொம்பைக் கண்டால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும்.