சொந்த ஊரும் கடற்கரை விடுமுறையும்

கோடை விடுமுறை நெருங்கும்பொழுது, பிற மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாது எழும்: "இவ்வாண்டு எங்கே செல்வது?" மட்டாஞ்சேரியில் உள்ள நம் இல்லத்திலும் அக்கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் பணியாற்றும் மைத்துனர், மெக்சிகோ நாட்டின் கடற்கரை நகராகிய அக்கபுல்கோவில் ஒரு வாரம் கூடியிருக்கலாம் வாருங்கள் என்று அழைத்திருந்தார். அவர் அனுப்பிய படங்களில் தென்னையும் நீலக்கடலும் மீன்பிடி படகுகளும் கண்டு பிள்ளைகள் மயங்கினர். "இவையெல்லாம் அரைமணி நடையில் இங்கேயே இருக்கின்றனவே" என்றார் இல்லத்தரசியார்.

நாமோ மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். எல்.டி.சி. எனப்படும் விடுமுறைப் பயணச் சலுகை இந்திய எல்லையோடு நின்றுவிடும். ஆகவே பேச்சு மெக்சிகோவை விட்டுப் படிவத்திற்கு வந்தது. அதில் 'சொந்த ஊர்' என்றொரு கட்டம் உண்டு. பணியில் சேர்ந்த நாள்முதல் அதில் நாம் எழுதிவருவது, தந்தையார் பிறந்த நெல்லைச் சீமைச் சிற்றூரின் பெயரே. அதைக் கண்ட மகன், "நாம் அங்கே குடியிருந்ததே இல்லையே அப்பா, அது எப்படி நம் சொந்த ஊர் ஆகும்?" என்று கேட்டான். அவனுக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. இவ்வூரின் வரலாற்றில் விடை கிடைக்குமோ என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

பண்டைக் காலத்தில் பயண நாளைக் குறித்தது நாட்காட்டி அன்று, காற்றே ஆகும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, செங்கடல் வாயிலில் கோடைநாளிற் புறப்படும் கலம் நாற்பது நாளில் முசிறியை அடையும் என்றும், டிசம்பர், சனவரித் திங்களில் காற்று மாறியதும் திரும்பும் என்றும் எழுதியுள்ளார். இடைப்பட்ட மாதங்களில் யவனர் முசிறியிலேயே தங்கவேண்டியவராயினர். அவர்களின் நன்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச்சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகின்றது. அத்தகைய பயணத்திற்கு முன்னேற்பாடு எத்துணை வேண்டியிருந்தது என்பதை வியன்னா நகரில் உள்ள பாப்பிரசு ஏடொன்று காட்டுகின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வேட்டின் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்திற்கான கடன் ஒப்பந்தமும், மறுபக்கத்தில் எர்மப்பொல்லோன் என்னும் கலம் ஏற்றிவந்த சரக்கின் மதிப்பும் உள்ளன. கொச்சிக்கு வடக்கே பறவூரை அடுத்த பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் உரோமானியச் சாடிகளின் உடைந்த துண்டுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவ்விடமே முசிறி என்பது அறிஞர் பலரின் கருத்தாகும்.

பெரியாற்றில் 1341ஆம் ஆண்டு பெருகிய வெள்ளத்தால் பழைய துறை தூர்ந்து, கொச்சிக் கழிமுகம் ஆழமுற்றது என்பது வழிவழி வந்த செய்தி. சேரனின் துறை மறைய, கொச்சித் துறை பிறந்தது. 1500ஆம் ஆண்டு டிசம்பரில் கபரால் தலைமையில் போர்ச்சுகீசியர் இங்கு வந்தனர். 1503இல் கோட்டை எழுப்பினர். அவர்களும் காற்றுக்குக் கட்டுப்பட்டவர்களே. இலையுதிர் காலத்தில் வந்து, மிளகு ஏற்றி, ஆண்டின் தொடக்கத்தில் தாயகம் மீண்டனர். மீளாதவரும் உண்டு. மும்முறை இந்தியா வந்த வாஸ்கோ ட காமா, 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியிலேயே உயிர்நீத்தார். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய எச்சங்களைப் பின்னர்த் தம் நாட்டுக்கே எடுத்துச் சென்றனர். இன்று அங்கிருப்பது வெறுங் கல்லறையே. பதினைந்தாண்டளவு இம்மண்ணில் கிடந்தும் அவருக்கு இது சொந்த ஊர் ஆகவில்லை.

இனி, மைத்துனர் அழைத்த அக்கபுல்கோவின் கதையைக் காண்போம். அதுவும் நம் கொச்சியைப் போல ஒரு பழந்துறையே. 1565 முதல் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுக் காலம், பிலிப்பைன்சின் மணிலாவிலிருந்து ஸ்பானியக் கலங்கள் பட்டும் பீங்கானும் நறுமணப் பொருளும் ஏற்றி அங்குச் சென்றன. மெக்சிகோவின் வெள்ளியை ஏற்றித் திரும்பின. கலம் வரும் நாளில் உள்நாட்டு வணிகர் மலையிறங்கி வந்து சந்தை கூட்டுவர். சந்தை முடிந்ததும் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சி ஊரைக் காலி செய்வர். 1927இல் தலைநகரிலிருந்து மோட்டார் சாலை வந்த பின்னரே அது உல்லாச நகராயிற்று. 2023 அக்டோபரில் ஓட்டிஸ் என்னும் சூறாவளி அதனைப் பெரிதும் சிதைத்ததையும் நாம் நாளேடுகளிற் படித்தோம்.

கொச்சிக்கும் அந்நகருக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடஇந்தியச் சிறுமி ஒருத்தியைப் போர்ச்சுகீசியக் கடற்கொள்ளையர் கவர்ந்து சென்றனர். அவளைக் கொச்சிக்குக் கொணர்ந்தனர் என்றும், இங்கே அவளுக்குத் திருமுழுக்கு அளித்து கத்தரீனா என்று பெயரிட்டனர் என்றும் அவளுடைய வரலாற்றை எழுதிய பாதிரிமார் கூறுவர். பின் மணிலாவில் விற்கப்பட்டு, கலமேறி, அக்கபுல்கோவில் இறங்கினாள். பூயெப்ளா நகரில் அடிமையாய்த் தொடங்கிய அவளுடைய வாழ்வு, 1688இல் ஊரே வணங்கும் மூதாட்டியாய் முடிந்தது. அவள் திட்டமிட்ட பயணம் அன்று அது. திரும்பும் காற்றும் அவளுக்கு வீசவில்லை. ஆயினும் பூயெப்ளா மக்கள் இன்றும் அவளைத் தம் ஊர்ப் பெண்ணாகவே கொண்டாடுகின்றனர்.

மனிதர் மட்டுமா ஊர் மாறினர்? மிளகாயின் தாயகம் மெக்சிகோவும் அதனைச் சூழ்ந்த நிலங்களுமே. போர்ச்சுகீசியர் வழியாக இங்கு வந்த அக்காய்க்கு நம் முன்னோர் மிளகின் பெயரையே சூட்டினர். இன்று மட்டாஞ்சேரிக் கிட்டங்கிகளில் மிளகு மூட்டைக்கு அருகிலேயே மிளகாய் மூட்டையும் அடுக்கப்பட்டிருக்கின்றது. மிளகாயைப் பார்த்து, "உன் சொந்த ஊர் எது?" என்று கேட்பார் இலர்.

இவ்வாறு வந்து தங்கியவரால் ஆனதே நம் மட்டாஞ்சேரி. கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், யூதர் எனப் பலர் இங்குத் தெருவும் கோயிலும் கண்டனர். 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தின் பெயரிலேயே 'பரதேசி' என்னும் சொல் நிலைத்தது. நானூறு ஆண்டு வாழ்ந்த பின்பும், 1948க்குப் பிறகு அவர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அதற்கு மாறாக, கோட்டைக் கொச்சியின் சலவைத்துறையில் தலைமுறை தலைமுறையாய் உழைக்கும் தமிழர், டச்சுப் படைவீரரின் உடைகளை வெளுக்கவே தம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர் என்பர். 1663இல் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர் 1795இல் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர். துணி கொடுத்தவர் போய்விட்டனர். துவைக்க வந்தவர் ஊராராய் நிலைத்தனர்.

கோட்டைக் கொச்சி ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தின் பகுதியாய் இருந்ததை நம் இளைஞர் பலர் அறியார். அடுத்திருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னருக்கு உரியது. 1956 நவம்பர் முதல் நாளில் இரண்டும் கேரள மாநிலத்தில் இணைந்தன. 1967இல் எறணாகுளத்தோடு சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. விடுமுறைப் பயணச் சலுகைக்கான அரசாணை பிறந்ததும் அதே 1956இன் அக்டோபரில்தான். எல்லைகள் மாறிக்கொண்டிருந்த அதே வேளையில், ஒவ்வோர் எழுத்தரும் தம் ஊரை ஒரு கட்டத்தில் எழுதித்தரும் வழக்கம் தொடங்கிற்று.

எது சொந்த ஊர் என்பதற்கு விதிகள் சில அளவுகோல்களைக் கூறுகின்றன. குடும்பக் கடமைகளுக்காக நாம் அவ்வப்போது நேரிற் செல்லவேண்டிய இடமா? அங்கு வீடு உண்டா? நெருங்கிய உறவினர் உளரா? பணிக்கு முன் அங்கு வாழ்ந்தோமா? பணிக்காலத்தில் ஒருமுறை மட்டுமே அதனை மாற்ற இசைவு உண்டு. பணியிடமும் சொந்த ஊரும் ஒன்றாயின் ஊர்ப் பயணச் சலுகை இல்லை. வீடும் வாழ்வும் மட்டாஞ்சேரியில். அத்தையாரும் குலதெய்வமும் நெல்லைச் சீமையில். உள்ளதை உள்ளபடி எழுத அக்கட்டம் போதவில்லை.

இல்லத்தில் கூடிப் பேசி முடிவு செய்தோம். மைத்துனருக்கு நன்றி கூறி மடல் எழுதினோம். விடுமுறையின் முதல் ஞாயிறன்று, நாமே இவ்வூருக்கு வந்த விருந்தினர்போல் அரண்மனையும் யூதத் தெருவும் தேவாலயமும் கண்டு, சீன வலைகளருகே மாலைவரை அமர்ந்திருப்பது. சலவைத்துறைக்கும் சென்று அங்குள்ள பெரியவர்களிடம் தமிழில் பேசுவது. பின்னர்ச் சலுகையிற் சீட்டெடுத்து, செங்கோட்டை வழியாக அத்தையார் இல்லம் செல்வது. 1970களின் தொடக்கத்தில் கிட்டங்கியில் கணக்கெழுதத் தந்தையார் வந்த வழி அதுவே.

படிவத்தில் ஊரை மாற்றவில்லை. அங்கு நம்மை எதிர்நோக்கி இருப்பவர் உள்ளவரை அது பொய் ஆகாது. ஆயின், காற்று மாறியதும் புறப்படுவோர் விருந்தினர், மாறிய பின்பும் இருப்போர் ஊரார் என்பதே இத்துறையின் வரலாறு காட்டும் உண்மை. ஆகவே, யாரேனும் ஊர் எது என்று கேட்டால் மட்டாஞ்சேரி என்று தயங்காது சொல்லுமாறு மகனுக்குக் கூறினோம். "தமிழில் சொல்லலாமா, மலையாளத்திலா?" என்று கேட்டான். கேட்பவர் மொழியிற் சொல் என்றோம்.