வீடு கட்டும் சங்கங்கள் (பிரித்தானியா)

உறுப்பினர்கள் மாதந்தோறும் கட்டும் சந்தாவைத் திரட்டி, அவர்களுக்கே வீடு கட்டவோ வாங்கவோ கடனாகத் தரும் அமைப்பு. வெளியிலிருந்து முதல் போட்ட பங்குதாரர் என்று எவரும் இல்லை. பணம் சேமிப்பவர்களும் கடன் வாங்குபவர்களுமே இதன் உரிமையாளர்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் தோன்றி, பின்னர் ஆங்கிலம் பேசும் பிற நாடுகளுக்கும் பரவியது.

பர்மிங்ஹாமின் ஸ்னோ ஹில் பகுதியில் கோல்டன் கிராஸ் என்னும் மதுக்கூடத்தை நடத்திவந்த ரிச்சர்ட் கெட்லி 1775இல் தொடங்கியதே முதல் சங்கம் என்பது பெரும்பாலோர் கருத்து. அதைப் பற்றிய சான்றுகள் மிகக் குறைவு என்பதால், ஆண்டையும் 'முதல்' என்ற சொல்லையும் சற்று எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். இடத்தைப் பற்றி ஐயமில்லை. பித்தளைச் சாமான், பொத்தான், துப்பாக்கி செய்யும் சிறு பட்டறைகள் நிறைந்த ஊர் பர்மிங்ஹாம். கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு ஓரளவு நிலையான கூலி கிடைத்தது. ஆனால் அவர்களுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கியும் இல்லை. பத்துப் பேர் கூடிப் பேச மதுக்கூடத்தை விட்டால் வேறு இடமும் இல்லை. மதுக்கூடம் நடத்தியவரே பல சங்கங்களில் பொருளாளராகவும் இருந்தார்.

தொடக்ககாலச் சங்கத்தின் நடைமுறை தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான சீட்டை ஒத்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் பங்குக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் கட்டுவார். பல இடங்களில் அது அரை கினி. தாமதித்தால் அபராதம். ஒரு வீட்டுக்கான பணம் சேர்ந்ததும், குலுக்கலில் பெயர் வந்தவருக்கோ, ஏலத்தில் அதிகம் தள்ளிக் கேட்டவருக்கோ அது போகும். வீடு கிடைத்தவர் அதோடு விலகிவிட முடியாது. வீட்டையே ஈடாக வைத்து, கடைசி உறுப்பினருக்கும் வீடு அமையும் வரை சந்தாவையும் அதற்கு மேல் வட்டியையும் கட்டிவர வேண்டும். எல்லோருக்கும் கிடைத்ததும் கணக்கை முடித்துச் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள். இவ்வகை 'முடிவுறு சங்கம்' எனப்பட்டது. நோய்க்கும் சாவுக்கும் உதவிய அக்காலத் தொழிலாளர் உதவிச் சங்கங்களின் மரபில் வந்தவை இவை. மூன்று பூட்டுப் போட்ட பணப்பெட்டியும், மூன்று சாவிகளும் மூவர் கையில் இருப்பதும் அந்த மரபில் வழக்கமாக இருந்தன. ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகியவர்களாதலால், தவணை தவறியவர் பக்கத்து வீட்டுக்காரரின் வீட்டைத் தாமதப்படுத்துகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

லங்காஷரில் பிரெஸ்டனுக்கு அருகிலுள்ள லாங்ரிட்ஜ் என்னும் சிற்றூரில் இதன் தடயத்தை இன்றும் காணலாம். 1793இல் அங்கு தொடங்கிய சங்கம் அடுத்த பத்தாண்டு காலத்தில் கட்டி முடித்த கல் வீட்டு வரிசை 'கிளப் ரோ' எனப்படுகிறது. சுமார் 20 வீடுகள், சுவரோடு சுவராக, அலங்காரம் ஏதுமின்றி நிற்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய முறை வந்தபோது எழுந்தது. இத்தகைய சங்கம் கட்டி, இன்றும் எஞ்சியிருக்கும் வீடுகளில் இவையே மிகப் பழையவை என்று கருதப்படுகின்றன.

சட்டத்தின் கண்ணில் இச்சங்கங்களின் நிலை நெடுநாள் தெளிவற்றிருந்தது. 1812இல் பிராட் எதிர் ஹட்சின்சன் வழக்கில், கிரீனிச் சங்கமொன்று, அரச அனுமதியின்றிக் கூட்டுப் பங்கு நிறுவனம் அமைப்பதைத் தடுத்த 1720ஆம் ஆண்டின் 'குமிழிச் சட்டத்துக்கு' முரணானதல்ல என்று தீர்ப்பானது. 1836ஆம் ஆண்டுச் சட்டம் முறையான ஏற்பு அளித்தது. பங்கின் மதிப்புக்கு 150 பவுண்டும், மாதச் சந்தாவுக்கு 20 ஷில்லிங்கும் உச்சவரம்பாயின.

முடிவுறு சங்கங்களுக்குச் சில குறைகள் இருந்தன. நடுவில் சேர்பவர் தொடக்கம் முதலான சந்தாப் பாக்கியை மொத்தமாகக் கட்ட வேண்டும். இறுதிக் கட்டத்திலோ கடன் கேட்பார் இல்லாமல் பணம் தேங்கும். அப்போது விருப்பமில்லாத உறுப்பினர் தலையிலும் கடன் கட்டப்பட்டதுண்டு. 1845இல் லண்டனில் தோன்றிய மெட்ரோபாலிட்டன் ஈக்விட்டபிள் முதலிய 'நிலையான சங்கங்கள்' இதற்குத் தீர்வு கண்டன. யாரும் எப்போதும் சேரலாம். சேமிக்க வந்தவர் கடன் வாங்க வேண்டியதில்லை. கணிதவியலரான ஆர்தர் ஸ்கிராட்ச்லி இம்முறைக்குக் கணக்கியல் அடிப்படை வகுத்தார். லீட்ஸ் பெர்மனென்ட் (1848), ஹாலிஃபாக்ஸ் பெர்மனென்ட் (1853) ஆகியவை இவ்வகையின. பிந்தையது ஓல்ட் காக் என்னும் மதுக்கூடத்தின் மாடியில் நடந்த பேச்சில் உருவானது. சேமிப்பவரும் கடனாளியும் ஒருவரையொருவர் அறியாதவர்களானது இந்தக் கட்டத்தில்தான்.

வீட்டோடு வாக்கும் கிடைக்க வேண்டும் என்ற நோக்கில் எழுந்தவை நிலச் சங்கங்கள். மாவட்டத் தொகுதியில் ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள சொந்த நிலம் வைத்திருப்பவருக்கு வாக்குரிமை இருந்தது. பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் டெய்லர் 1847 வாக்கில் பண்ணை நிலங்களை மொத்தமாக வாங்கி, மனைகளாகப் பிரித்துத் தொழிலாளருக்கு வழங்கத் தொடங்கினார். அரசியல் தலைவர் ரிச்சர்ட் காப்டன் இதற்கு ஆதரவளித்தார்.

இவற்றால் உழைக்கும் மக்கள் எந்த அளவுக்குப் பயனடைந்தனர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடன் பெற்றவர்களில் கைவினைஞரும் மேற்பார்வையாளரும் மிகுதி, கூலியாட்கள் குறைவு என்று ஒரு சாரார் கூறுவர். வாடகைக்கு விடவே கட்டியவர்களும் இருந்தனர். ஆயினும் தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் சுரங்கத் தொழிலாளர் கட்டிடக் கழகங்கள் எழுப்பிய வீட்டு வரிசைகளை இந்தக் கணிப்பில் ஒதுக்கிவிட முடியாது.

1892இல் ஜாபெஸ் பால்ஃபோர் நடத்திய லிபரேட்டர் சங்கம் வீழ்ந்து பல்லாயிரம் சிறு சேமிப்பாளர்களின் பணத்தை விழுங்கியது. நாடாளுமன்ற உறுப்பினரான அவர் அர்ஜென்டினாவுக்குத் தப்பியோடி, பிடித்துக் கொண்டுவரப்பட்டு, 14 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். இதையொட்டி வந்த 1894ஆம் ஆண்டுச் சட்டம் கண்காணிப்பை இறுக்கியதோடு, புதிய சங்கங்களில் குலுக்கல் முறைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. ஸ்டார்-பௌகெட் எனப்பட்ட குலுக்கல் சங்கங்கள் ஆஸ்திரேலியாவில் அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தன.

அமெரிக்காவில் 1831இல் பிலடெல்ஃபியாவை அடுத்த ஃபிராங்ஃபோர்டில் ஆக்ஸ்ஃபோர்ட் பிராவிடென்ட் சங்கம் தொடங்கியது. அதன் முதல் கடன் 375 டாலர், காம்லி ரிச் என்பவருக்குச் சென்றது. அவர் தெருவிளக்கு ஏற்றுபவர் என்று குறிப்பிடப்படுகிறார்.

பிரித்தானியாவில் 1930களில் சங்கக் கடனால் லண்டன் புறநகர்களில் வீடுகள் பெருகின. கோனி ஹால் குடியிருப்பில் தம் வீடு தரக்குறைவாகக் கட்டப்பட்டது என்று கூறிச் சங்கத்துக்கான கடன் தவணையை நிறுத்திய எல்சி பார்டர்ஸ், வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடினார். இறுதியில் 1941இல் பிரபுக்கள் அவையில் தோற்றார். எனினும் அவர் கிளப்பிய கேள்விகள் 1939ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தன.

1986ஆம் ஆண்டுச் சட்டம் சங்கங்கள் வங்கி நிறுவனங்களாக மாற இடமளித்தது. ஆபி நேஷனல் 1989இலும், ஹாலிஃபாக்ஸ், நார்தர்ன் ராக் ஆகியவை 1997இலும் மாறின. அவ்வாறு மாறியவற்றில் ஒன்றுகூட இன்று தனித்து இயங்கவில்லை. 1900இல் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த சங்கங்கள் இப்போது நாற்பதை ஒட்டியே உள்ளன. அவற்றில் பெரியது நேஷன்வைடு. அது 2024இல் வர்ஜின் மணி வங்கியை வாங்கியபோது உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தவில்லை; சட்டப்படி அது தேவையில்லை என்றது நிர்வாகம், உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.