ஆண்குறி மொட்டு அழற்சி

ஆண்குறி மொட்டு அழற்சி என்பது ஆண்குறியின் முனைப்பகுதியாகிய மொட்டில் தோன்றும் அழற்சி ஆகும். முன்தோலும் சேர்ந்து பாதிக்கப்படுவது உண்டு. விருத்தசேதனம் செய்யப்படாத ஆண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. சிவந்த தடிப்பு, அரிப்பு, எரிச்சல், வெண்ணிறப் படிவு ஆகியன இதன் அறிகுறிகள்.

காரணங்கள்

முன்தோலின் அடியில் ஈரமும் அழுக்கும் தேங்கும்போது நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. இவற்றுள் கான்டிடா என்னும் பூஞ்சை முதன்மையானது. நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை கலந்திருப்பதால் இப்பூஞ்சை எளிதில் வளர்கிறது. ஆகவே, மீண்டும் மீண்டும் தோன்றும் தடிப்பு, அதுவரை கண்டறியப்படாத நீரிழிவின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிப்லோசின் போன்ற மருந்துகளாலும் இது ஏற்படலாம். சோப்பினால் உண்டாகும் எரிச்சல், ஆணுறை இரப்பர் ஒவ்வாமை, சொரியாசிசு, பால்வினை நோய்கள் ஆகியன பிற காரணங்கள்.

சிகிச்சை

சோப்பைத் தவிர்த்து, நாள்தோறும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். பூஞ்சைத் தொற்றுக்குக் குளோட்ரிமசோல் களிம்பு பொதுவாக 7 முதல் 14 நாட்கள் வரை பூசப்படுகிறது. அறிகுறிகள் உள்ள இணையருக்கும் சிகிச்சை தேவை. மருத்துவ ஆலோசனையின்றி ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பூசினால், அரிப்பு தற்காலிகமாக அடங்குமே தவிர, தொற்று உள்ளே வளரும்.

நீடிக்கும் தடிப்பு

சிகிச்சைக்குப் பின்னும் சில வாரங்களாக ஆறாத தடிப்போ புண்ணோ, அரிதாகப் புற்றுநோயின் தொடக்கநிலையாக இருக்கலாம். இதனைத் திசுச் சோதனை மூலம் உறுதிசெய்வர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்த இயலும். கூச்சத்தால் மருத்துவரை நாடாதிருப்பதே காலத்தாழ்வுக்கு முக்கியக் காரணமாகிறது.