கோலசிலாங்கூருக்கு வரும் வலசைப் பறவைகள்: எப்போது, எங்கே பார்க்கலாம்?

தோட்டத்து லயங்களுக்கு முன்னால், மின்கம்பியில் மாலை நேரத்தில் வரிசை பிடித்து உட்காரும் குருவிகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஊர்க்குருவி என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அவை தகைவிலான்கள். வட ஆசியாவில் குஞ்சு பொரித்து, அங்கே குளிர் தொடங்கியதும் நம் நாட்டுக்கு வருபவை. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை இப்படி இலட்சக்கணக்கான பறவைகள் தெற்கு நோக்கி வருகின்றன. அவற்றைப் பார்க்க நாட்டிலேயே சிறந்த இடங்களில் ஒன்று நம் கோலசிலாங்கூர் கடற்கரை.

தமிழுக்கு இது புதிய செய்தி அல்ல. வறுமையில் மதுரையில் தங்கியிருந்த சத்திமுத்தப் புலவர், வடக்கே திரும்பும் நாரையிடம்தான் தம் மனைவிக்குத் தூது சொன்னார். பறவைகள் பருவத்துக்குப் பருவம் ஊர் மாறுவதை நம் முன்னோர் கவனித்தே வந்துள்ளனர்.

எங்கிருந்து வருகின்றன?

சைபீரியா, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை 22 நாடுகள் வழியாக ஒரு வான்பாதை செல்கிறது. 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இதைப் பயன்படுத்துகின்றன. 2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஓர் இளம் பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறந்தது. பிறந்து சில மாதங்களே ஆன பறவை அது. கரைப்பறவைகளில் பல இனங்களில் பெற்றோர் முன்னதாகவே புறப்பட்டுவிடும். வழிகாட்ட ஆளில்லாமல் குஞ்சுகள் பின்னால் வரும்.

எல்லாப் பறவையும் அப்படி ஒரே மூச்சில் பறப்பதில்லை. பெரும்பாலானவை இடையிடையே இறங்கித் தின்று, கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே மேலும் பறக்கும். சிலாங்கூர்ச் சேற்றுக்கரை அவற்றுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. சேற்றில் இருக்கும் புழு, சிறு நண்டு, சிப்பிதான் உணவு.

எங்கே பார்க்கலாம்?

கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா: புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் உள்ளது. 1987 முதல் மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியோடு உருவானது. ஏரி, சதுப்புநிலக் காடு, பார்வைக் கோபுரம் உண்டு. உள்ளான், பவளக்காலி, மீன்கொத்தி, கொக்கு வகைகளைக் காணலாம்.

ஜெராம், பந்தாய் ரெமிஸ்: தண்ணீர் வற்றும்போது சேறு வெகுதூரம் விரியும். கோட்டான், மூக்கன், உப்புக்கொத்திக் கூட்டங்கள் இங்கே மேயும்.

செகிஞ்சான், தஞ்சோங் காராங்: உழுது நீர் கட்டிய நெல்வயல்களில் உள்ளானும் ஆலாவும் இறங்கும்.

தீவுகள்: கோலசிலாங்கூருக்கு அப்பால் கலங்கரை விளக்கத்தோடு நிற்பது புலாவ் அங்சா. ‘அங்சா’ என்றால் மலாயில் பெருவாத்து. நம் ‘அன்னம்’ அதற்கு உறவுச் சொல். மலாக்கா நீரிணையைக் கடக்கும் பறவைகளுக்கு இத்தகைய தீவுகள் கால் ஊன்ற ஓர் இடம். எளிதாகப் போக விரும்புவோர் போர்ட் கிள்ளானிலிருந்து புலாவ் கெத்தாமுக்குப் படகு ஏறலாம்.

நம் தோட்டம்: அக்டோபர், நவம்பரில் செம்பனைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். தேன்பருந்துகள் வட்டமிடலாம். ஜப்பானிலிருந்து புறப்பட்டு, சீனா, வியட்நாம் வழியாக மலாய் தீபகற்பத்தைக் கடந்து சுமத்திராவுக்குப் போகும் பறவை அது. பள்ளித் திடலில் ஓடி ஓடி நிற்கும் பறவை பசிபிக் பொன் உப்புக்கொத்தியாக இருக்கலாம்.

எந்த நேரம்?

கடலோரப் பறவைக்குக் கடிகாரம் கடல்தான். நம் கரையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். நீர் முழுதாக வற்றினால் பறவைகள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். உச்ச நீருக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்க் காத்திருங்கள். நீர் ஏற ஏற, பறவைகள் கரையை நெருங்கி வரும். 8 மடங்கு தொலைநோக்கி போதும். தொப்பி, குடிநீர், கொசு மருந்து அவசியம்.

என்ன ஆபத்து?

நீர் ஏறியதும் பறவைகளுக்கு உலர்ந்த இடம் வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் குறைந்துவிட்டன. காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் ஒதுங்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அங்கே காணப்பட்ட நார்ட்மன் பச்சைக்காலி, உலகிலேயே ஓரிரு ஆயிரம் மட்டுமே எஞ்சியுள்ள இனம்.

ஓர் இடம் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சான்று. சேமாங்கும் பகுதியில் 33 கிலோமீட்டர் கடல்சுவர் 2006இல் முடிந்தது. அங்கே தங்கிய பெரிய உள்ளான்கள் வேறெங்கும் பிழைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியா வரை அவற்றின் எண்ணிக்கை சரிந்தது.

நாம் செய்யக்கூடியது

கூட்டமாக ஓய்வெடுக்கும் பறவைகளை விரட்டிப் படம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை கலைந்து பறக்கும்போதும், பயணத்துக்குச் சேர்த்த கொழுப்புதான் கரைகிறது. வலை விரிப்பதையும் கவண் அடிப்பதையும் கண்டால் வனவிலங்குத் துறையிடம் சொல்லுங்கள். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம்.

ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தொண்டர்களும் சேரலாம். தோட்டத்துப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். சேற்றையும் வயலையும் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பறவையின் பெயரைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் போதும்.