விரைவாட்டத்தில் தனிப்பாணி: ஆனந்தின் சதுரங்கமும் ஸ்பீட்ரன் கலையும்

வீடியோ கேம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை இயன்றவரை குறைந்த நேரத்தில் ஆடி முடிப்பது ஸ்பீட்ரன் எனப்படும். அவ்வாறு ஆடுபவர் ஸ்பீட்ரன்னர். எல்லோருக்கும் ஆட்டமும் இலக்கும் ஒன்றே. ஆயினும் இருவர் ஆடுவது ஒன்றுபோல் இருப்பதில்லை. வேகத்தை மட்டுமே நோக்கமாகக் கொண்ட ஆட்டத்தில் தனிப்பாணி எங்கிருந்து வருகிறது? இக்கேள்விக்கான விடையைத் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு சதுரங்க வீரரின் வாழ்விலிருந்தும் பெறலாம். அவர் விசுவநாதன் ஆனந்த்.

மலைப்பாதை காட்டும் உண்மை

சேலத்திலிருந்து சேர்வராயன் மலை மீதுள்ள ஏற்காட்டுக்குச் செல்லும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குப்பனூர் வழியாகவும் மலை ஏறலாம். எந்த வழியில் செல்வது என்பது ஓட்டுநர் எடுக்கும் முதல் முடிவு. எந்த வளைவுக்கு முன் கியரை மாற்றுவது, எங்கே பொறுத்திருந்து எதிர்வண்டிக்கு வழிவிடுவது, எங்கே வேகம் கூட்டுவது என்பவை அடுத்தடுத்த முடிவுகள். வளைவுகளை எவராலும் மாற்ற முடியாது. அவற்றை எதிர்கொள்ளும் முறையே ஓட்டுநருக்கு ஓட்டுநர் மாறுகிறது. ஸ்பீட்ரன்னுக்கும் சதுரங்கத்துக்கும் இது பொருந்தும்.

கடிகாரத்தின் வருகை

பழைய சதுரங்கப் போட்டிகளில் நேர வரம்பு இல்லை. ஒரு நகர்த்தலுக்கு மணிக்கணக்கில் யோசித்தவர்களும் உண்டு. 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதிய போட்டியில் மணற்கடிகாரம் பயன்பட்டது. 1883இல் லண்டன் போட்டியில் இரட்டை முகக் கடிகாரம் அறிமுகமானது. அதுமுதல் நேரமும் ஒரு காயைப் போலவே ஆட்டத்தின் பகுதியாயிற்று. அதை எங்கே செலவிடுவது, எங்கே சேமிப்பது என்பது ஆடுபவரின் இயல்பைக் காட்டத் தொடங்கியது.

டால் சதுரங்கக் கழகம்

ஆனந்த் 1969 டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்தார். தாய் சுசீலாவிடம் சதுரங்கம் கற்றார். சென்னையில் மிகயீல் டால் பெயரில் இயங்கிய கழகத்தில் சிறுவயதிலேயே ஆடினார். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரன் அக்கழகத்தின் முன்னோடி. அங்கு மின்னல் வேக ஆட்டங்கள் நடைபெறும். வென்றவர் இருக்கையில் தொடர்வார். தோற்றவர் எழுந்து, காத்திருப்பவருக்கு இடம் தர வேண்டும். எனவே விரைவாகச் சிந்திப்பதும் பிழையின்றி ஆடுவதும் சேர்ந்தே பழக்கமாயின.

ஆனந்த் 1987இல் உலக இளையோர் வாகையராகவும், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராகவும் ஆனார். எதிராளி நீண்ட நேரம் யோசிக்க, இவர் சில நொடிகளில் காய் நகர்த்துவார். அதனால் "மின்னல் சிறுவன்" என்ற பெயர் கிடைத்தது.

வேகத்தின் விலை

1988இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பிய வீரர் சபாட்டாவுடன் ஆடியபோது, ஆனந்த் ஆறே நகர்த்தல்களில் தோல்வியை ஒப்புக்கொண்டார். கறுப்புக் காய்களுடன் ஆடிய அவர் ஐந்தாவது நகர்த்தலில் பிஷப்பை வெளியே கொண்டுவந்தார். வெள்ளை ராணி ஒரு கட்டம் முன்வந்ததும் கறுப்புக் குதிரையைக் காப்பாற்ற வழியில்லாமல் போயிற்று. அந்தப் பிஷப் நகர்த்தல் முந்தைய ஆண்டு மைல்ஸ், கிறிஸ்டியன்சன் என்ற இரு வலிமையான வீரர்களின் ஆட்டத்தில் வந்ததே. அந்த ஆட்டம் சமனில் முடிந்ததால் அதன் குறை வெளிப்படவில்லை. பிறர் வழியைச் சோதிக்காமல் பின்பற்றினால், வேகமே ஆபத்தாகும் என்பதற்கு இது சான்று.

வேகமும் ஆயத்தமும்

விரைவாக ஆடுவதெல்லாம் பாணி ஆகிவிடாது. 1995இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் காஸ்பரோவுடன் நடந்த உலகப் பட்டப் போட்டியில், முதல் எட்டு ஆட்டங்கள் சமனாயின. ஒன்பதாவதை ஆனந்த் வென்றார். பத்தாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் முன்னரே ஆராய்ந்து வைத்திருந்த காய்பலியுடன் மிக வேகமாக ஆடினார். யோசிக்க வேண்டியவர் ஆனந்தாக இருந்தார். அன்றைய வேகம் ஆயத்தத்தின் பயன். ஆயத்தம் முடிந்த இடத்துக்குப் பின் எவ்வாறு ஆடுகிறார் என்பதில்தான் வீரரின் பாணி தெரியும்.

2008இல் பான் நகரில் கிராம்னிக்குடன் ஆடியபோது ஆனந்த் தம் வழக்கத்தை மாற்றினார். பெரும்பாலும் அரசன் முன்னுள்ள சிப்பாயால் ஆட்டத்தைத் தொடங்கிவந்தவர், ராணி முன்னுள்ள சிப்பாயால் தொடங்கினார். 6.5–4.5 என்ற கணக்கில் வென்றார். தொடக்கம் மாறினும் சிக்கலான நிலையில் விரைந்து வழி காணும் இயல்பு மாறவில்லை. 2012இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் 6–6 எனச் சமனான பின் விரைவு ஆட்டங்களிலேயே பட்டத்தைக் காத்தார். 2017இல், 48ஆம் வயதில், ரியாத்தில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டம் வென்றார்.

ஸ்பீட்ரன் கலையின் வளர்ச்சி

1993 டிசம்பரில் வெளியான டூம் ஆட்டத்தில், ஆடியதைப் பதிவுசெய்து பிறருக்கு அனுப்பும் வசதி இருந்தது. இதனால் ஒருவர் ஆட்டத்தை மற்றவர் பார்த்துக் கற்க முடிந்தது. 1997 ஜூனில் குவேக் ஆட்டத்தை மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 நொடியில் முடித்த பதிவு வெளியாயிற்று. அது பல வீரர்களின் ஓட்டங்களைக் கோத்து உருவாக்கியது.

1985இல் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குச் செல்லும் வாயில், 21 படச்சட்டங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 0.35 நொடிக்கு ஒருமுறையே திறக்கும். சற்று முன்னதாக வந்தாலும் காத்திருக்கவே வேண்டும். ஆகவே சில இடங்களில் பொறுமையாக ஆடினாலும் இழப்பில்லை. எங்கே பாதுகாப்பாக ஆடுவது, எந்த இடத்தில் துணிவது என்ற தேர்வு அங்கே பிறக்கிறது. பொத்தானை அழுத்தும் தாளம், பிழை நேர்ந்ததும் ஓட்டத்தைக் கைவிடுவதா தொடர்வதா என்ற முடிவு, தொடர்ந்தால் அதைச் சரிசெய்யும் வழி ஆகியவையும் ஆடுபவரின் அடையாளங்கள்.

சாதனை நேரம் எல்லையை நெருங்க நெருங்க, சிறந்த வழி ஒன்றே என்றாகி எல்லோரும் ஒன்றுபோல் ஆட நேர்கிறது. கணினி ஆராய்ச்சியால் இன்றைய சதுரங்கத் தொடக்கங்களுக்கும் அதே நிலை. பாணி மறையவில்லை; திட்டம் முடிந்து எதிர்பாராதது தொடங்கும் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

தொகுப்பு

2024 டிசம்பரில், சிங்கப்பூரில், 18 வயதில் உலக வாகையரான சென்னை வீரர் குகேஷ், ஆழ்ந்து கணக்கிட்டு ஆடுவதற்குப் பெயர் பெற்றவர். ஆனந்தின் வழிகாட்டுதலைப் பெற்றிருந்தும் அவர் ஆனந்தைப்போல் ஆடுவதில்லை. நுட்பத்தை ஆசிரியரிடம் கற்கலாம். வழியைப் பிறரிடமிருந்து பெறலாம். நேரத்தை எங்கே செலவிடுவது, எந்த ஆபத்தை ஏற்பது, தவறிய பின் எப்படி எழுவது என்பவற்றை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டும். அம்முடிவுகளின் தொகுப்பே ஒருவரின் ஆட்டப்பாணி.