ஒரே அட்டையில் இரண்டு வைட்டமின்கள்: பி12, பி6 – ஓர் ஒப்பாய்வு

பாதம் எரிகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது என்று மருந்துக்கடையில் சொன்னால் போதும். நரம்புக்குச் சத்து மாத்திரை என்று ஓர் அட்டை கைக்கு வந்துவிடும். அதன் பின்புறத்தில் பல சமயம் இரண்டு பெயர்கள் சேர்ந்தே இருக்கும்: மெத்தில்கோபாலமின், பைரிடாக்சின். முன்னது பி12, பின்னது பி6. இரண்டும் நரம்புக்கு வேண்டியவை, இரண்டும் நீரில் கரைபவை. மிஞ்சியது சிறுநீரோடு போய்விடும், எத்தனை மாதம் விழுங்கினாலும் கெடுதல் இல்லை என்பது பொதுவான நம்பிக்கை. பி12ஐப் பொறுத்தவரை இது பெரிதும் சரி. பி6ஐப் பொறுத்தவரை ஆபத்தான தவறு.

உணவிலிருந்து தொடங்குவோம். பி12 மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர் ஆகியவற்றில்தான் கிடைக்கும். கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் அதை நம்பியிருக்க முடியாது. பி6 அப்படியல்ல. கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், மீன், கோழி என்று சைவம் அசைவம் இரண்டிலும் இருக்கிறது. அதனால் ஓரளவு பலவகையாகச் சாப்பிடுகிறவருக்கு பி6 குறைவது அரிது. பி12 குறைவதோ, அதிலும் சைவ உணவுக்காரர்களிடம், சாதாரணம்.

உடலுக்குள் சேரும் வழியும் வேறு. பி12ஐ உணவிலிருந்து பிரிக்க வயிற்று அமிலம் வேண்டும். பிறகு இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை செல்ல வேண்டும். முதுமை, நெடுநாள் அமிலக் குறைப்பு மாத்திரை, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், இரைப்பை அறுவை சிகிச்சை ஆகியவை இந்த வழியில் இடையூறு செய்யும். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு உள்ளதால் குறை உடனே தெரிவதில்லை. பி6க்கு இத்தனை தடைகள் இல்லை. அதன் குறை பெரும்பாலும் மருந்தால் வருகிறது. காசநோய்க்கான ஐசோனியாசிட் உடலின் பி6ஐச் செயலிழக்கச் செய்து நரம்பைத் தாக்கும். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நாளொன்றுக்கு வெறும் 6 மில்லிகிராம் பைரிடாக்சினே அந்தப் பாதிப்பைத் தடுக்கும் என்று 1960களில் காட்டியது. நரம்பைக் காக்கச் சிறிய அளவே போதும் என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த சான்று இது.

நரம்பில் நேர்வது என்ன? பி12 குறைந்தால் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைகிறது. கால் மரத்துப்போவதோடு தண்டுவடமும் பாதிக்கப்படும். கண்ணை மூடினால் நிற்க முடியாமல் தள்ளாட்டம் வரும். இரத்தசோகை என்று ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பி6 குறைந்தாலும் மதமதப்பும் எரிச்சலும்தான். வேறுபாடு இதற்கு மேல்தான்: பி6 மிஞ்சினாலும் அதே மதமதப்பு வரும். நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம்வரை விழுங்கிய ஏழு பேருக்கு உணர்வு நரம்புகள் பழுதாகி நடை தடுமாறியதை 1983இல் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். பின்னர் அதைவிடக் குறைந்த அளவிலும் பாதிப்புகள் பதிவாயின.

அளவுகளை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். பெரியவர் ஒருவருக்கு பி12 நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் போதும். மாத்திரையில் 1,000 மைக்ரோகிராம், அதற்கு மேலும் இருந்தாலும் நச்சாகும் என்று காட்டப்படவில்லை. உச்ச வரம்பும் வகுக்கப்படவில்லை. பி6க்குத் தேவை 1.3 முதல் 1.7 மில்லிகிராம். அமெரிக்கா வகுத்த உச்ச வரம்பு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தன் வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது.

மீட்சியின் திசையும் எதிரெதிர். பி12 குறைவில் ஊசியோ மாத்திரையோ தொடங்க வேண்டும். தேற மாதங்கள் ஆகும், தாமதித்தால் முழுதும் திரும்பாமலும் போகலாம். பி6 மிகையில் மாத்திரையை நிறுத்துவதே மருந்து. நிறுத்திய சில வாரங்கள் வலி கூடிப் பிறகு குறையலாம்.

வலி தொடர்கிறதே என்று மாத்திரையைக் கூட்டுகிறவர், பி6 மிகையால் வந்த வலிக்கு அதே பி6ஐக் கூட்டுகிறவராக இருக்கக்கூடும். ஆகவே கால் மரத்தால் முதலில் இரத்தத்தில் சர்க்கரையையும் பி12ஐயும் பாருங்கள். சர்க்கரையால் வந்த நரம்புச் சேதத்துக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடுதான் அடிப்படை. பி12 குறையாதவருக்கு அதைக் கூட்டித் தருவதால் பெரிய பயன் இல்லை. அடுத்து, சாப்பிடும் எல்லா அட்டைகளிலும் சத்துப் பொடிகளிலும் உள்ள பி6ஐக் கூட்டிப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். காசநோய்க்காக மருத்துவர் தந்த பி6ஐ மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.